பீரோவைத் திறக்கும் முன்: வாசகர் கேள்வி-பதில்

(ரசிகர் மன்றங்களுக்கு நெடுங்காலம் உழைத்து மறைந்தவர்களை எப்படி நினைவுகூர்வது என்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.)

எங்கள் ஊர் நடிகர் திலகம் மன்றத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் செயலாளராக இருந்தவர் போன வாரம் காலமானார். முப்பதாம் நாள் படத்திறப்பு வைக்கிறோம். அதற்குள் செய்யவேண்டிய வேறு வேலை ஏதாவது உண்டா?
- மன்றத் தலைவர், விருதுநகர்

உண்டு. படத்திறப்பை விட அதுதான் அவசரம். அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு பீரோ, பரணில் இரண்டு டிரங்குப் பெட்டி, கட்டிலுக்கடியில் ஒரு மூட்டை கட்டாயம் இருக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டை ஒழிப்பார்கள். அப்போது தப்பித்தாலும் போகிக்குப் பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போய்விடும். குடும்பத்தாரைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கண்ணுக்கு அது குப்பை.

துக்கம் விசாரிக்கப் போகும்போதே, "அண்ணன் வைத்திருந்த காகிதம் எதையும் போட்டுவிடாதீர்கள், காரியம் முடிந்ததும் வந்து பார்க்கிறோம்" என்று வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். காரியம் முடிந்தபின் இரண்டு பேர் மட்டும் போங்கள். கூட்டமாகப் போனால் ஆளுக்கொன்று 'ஞாபகார்த்தமாக' எடுத்துக்கொள்வார்கள், பிறகு திரும்பி வராது. எதையும் தொடும் முன் ஒவ்வொரு தட்டையும் செல்போனில் படம் எடுங்கள். அவர் அடுக்கிவைத்த வரிசையே ஒரு குறிப்பு: எந்தப் படத்தின் நோட்டீஸ் எந்தக் கட்டில் இருந்தது என்பது கலைந்துவிட்டால், தேதியில்லாத காகிதத்துக்குத் தேதி கண்டுபிடிக்கவே முடியாது.

பிறகு இரண்டாகப் பிரியுங்கள். தீர்மானப் புத்தகம், ரசீதுக் கட்டு, முத்திரை, பாஸ்புக், பதிவுச் சான்றிதழ் எல்லாம் மன்றத்துடையவை. அவர் காசு போட்டுச் சேர்த்த பாட்டுப் புத்தகம், போட்டோ, கேசட் குடும்பத்துடையவை. பட்டியலை இரண்டு பிரதி எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய செல்போனையும் மறக்காதீர்கள். மன்ற வாட்ஸ்அப் குழுவுக்கு அவர் ஒருவரே அட்மினாக இருந்திருப்பார். 90 நாள் பயன்பாடே இல்லாத எண்ணை நிறுவனம் முடக்கிவிடும். மகனிடமோ மகளிடமோ சொல்லி அந்தக் குழுவில் இன்னும் இரண்டு பேரை அட்மினாக்கச் சொல்லுங்கள்.

மறைந்த எங்கள் மன்றத்துக்காரர் எழுதிவைத்த நோட்டுகளில் எந்தப் படம் எந்த ஊரில், எந்தத் தியேட்டரில் எத்தனை நாள், வசூல் எவ்வளவு என்று பைசா சுத்தமாக இருக்கிறது. அப்படியே நினைவு மலரில் போடலாமா? போட்டால் எதிர்த்தரப்பு ரசிகர்கள் சண்டைக்கு வருவார்களே!
- உறுப்பினர், மதுரை

வரட்டும், ஆனால் நீங்கள் சரிபார்த்துவிட்டுப் போடுங்கள். இந்தச் சண்டைகளில் பாதி, இரு தரப்பும் வேறு வேறு கணக்கை ஒப்பிடுவதால் வருவது. வசூல் என்று எழுதியிருப்பது கேளிக்கை வரி சேர்ந்ததா, வரி நீங்கலாகவா, விநியோகஸ்தர் பங்கு மட்டுமா என்று முதலில் பாருங்கள். ஒரே படத்துக்கு ஒரே தியேட்டரில் மூன்று தொகை வரும், மூன்றும் சரியாக இருக்கும்.

நாள் கணக்கிலும் இதே கதைதான். பெரிய தியேட்டரில் ஓடியபின் சின்னத் தியேட்டருக்கு ஷிஃப்டிங் ஆனதையும் சேர்த்து எழுதுவார்கள். கடைசி வாரங்களில் பகல் காட்சி மட்டும் நடந்திருந்தாலும் அது 'ஓடிய நாள்'தான். ஆகவே மலரில் மூன்று பத்தி போடுங்கள்: முழுக் காட்சிகள், ஷிஃப்டிங், பகல் காட்சி. கூட்டல் தொகையைப் படிப்பவர் போட்டுக்கொள்ளட்டும்.

சரிபார்க்கும் விதம் இது. வெளியான நாளே முதல் நாள். 'பராசக்தி' 1952 தீபாவளிக்கு, அக்டோபர் 17 வெள்ளிக்கிழமை வெளியானது. அக்டோபர் முடிவில் 15 நாள், நவம்பர் முடிவில் 45, டிசம்பர் முடிவில் 76. ஆகவே 100ஆவது நாள் 1953 ஜனவரி 24; வெள்ளிவிழாவுக்கான 175ஆவது நாள் ஏப்ரல் 9. நோட்டில் 'நூறாவது நாள்' என்று வேறு தேதி இருந்தால் அந்த ஊரில் படம் தாமதமாக வெளியாகியிருக்கும், அல்லது நடுவே தூக்கிவிட்டுத் திரும்பப் போட்டிருப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் எண்ணியதில் பிசகு. அந்தத் தேதியின் நாளிதழ் விளம்பரத்தில் 'இன்று 100ஆவது நாள்' என்று இருக்கிறதா பார்த்துவிட்டால் தீர்ந்தது.

நோட்டிலேயே பேனாவால் திருத்தாதீர்கள். அவர் எழுதியது எழுதியபடி இருக்கட்டும். உங்கள் திருத்தம் தனித்தாளில், யார் எப்போது எதைப் பார்த்துத் திருத்தினார் என்ற குறிப்போடு இருக்க வேண்டும்.

நூற்றுக்கணக்கான பாட்டுப் புத்தகங்கள் கிடைத்துள்ளன. சில பொடிந்து உதிர்கின்றன. எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடலாம் என்கிறார் பொருளாளர்.
- துணைச் செயலாளர், திண்டுக்கல்

பொருளாளரை அன்போடு தடுத்து நிறுத்துங்கள். தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற அந்தப் புத்தகங்கள் மட்டமான தாளில் அச்சானவை. தாளுக்குள்ளேயே அமிலம் இருப்பதால்தான் பழுத்து ஒடிகிறது. லேமினேட் செய்தால் அமிலம் உள்ளேயே பூட்டப்படும், சூட்டில் உருகிய பசை எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எடுக்கவே முடியாது. செலோடேப்பும் வேண்டாம். சில வருடத்தில் டேப் உதிரும், பழுப்புப் பசைக் கறை நிற்கும்.

முதல் எதிரி துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின். நடுப்பக்கத்தைத் திறந்து, மழுங்கிய மெல்லிய கத்தியால் பின்னின் இரு கால்களையும் நிமிர்த்தி, பின்பக்கம் வழியாக மெதுவாகத் தள்ளுங்கள். பின் எடுக்கும் கருவியால் கவ்வி இழுத்தால் தாள் கிழிந்து கையோடு வரும். அதே துளைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலால் தளர்வாக ஒரு முடிச்சு போதும்.

அடுத்தது ராமபாணப் பூச்சி. மைதாப் பசை ஒட்டிய இடத்தைத்தான் அது முதலில் தேடிப் போகும். பத்திரிகைத் துணுக்குகளை நோட்டில் ஒட்டிவைத்த ஆல்பங்கள் அரித்துப் போவது இதனால்தான். பூச்சி இருக்கிறது என்று சந்தேகமான கட்டைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டால் தாள்மேல் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். வெயிலில் காயப்போடுவது கூடாது. பூச்சி போகும், நிறமும் போகும். ஒட்டிய துணுக்குகளைத் தண்ணீர் தொட்டுப் பிரிக்கவும் வேண்டாம். செய்தித்தாள் கூழாகிவிடும், பேனா மை கரைந்தோடும். நோட்டை நோட்டாகவே படம் எடுங்கள்.

இரும்பு பீரோ நல்லதுதான், ஆனால் மழைக்காலத்தில் உள்ளே வியர்க்கும். சுவரிலிருந்து அரை அடி தள்ளி, தரையில் கட்டை வைத்து நிறுத்துங்கள். வாரத்தில் ஒரு நாள் வெயில் ஏறியபின் கதவைத் திறந்துவிடுங்கள். வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைக்கலாம், தாள்மேல் படக்கூடாது.

ஸ்கேன் செய்யும்போது எழுத்துப் பக்கங்களுக்கு 300 டிபிஐ போதும், போட்டோவுக்கு 600. கோப்புப் பெயரை 'வருடம்-படம்-பொருள்-வரிசை எண்' என்று ஒரே மாதிரி வையுங்கள். மேலட்டையோடு நிறுத்திவிடுபவர்கள் அதிகம். கதைச்சுருக்கம் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும் பக்கத்தில்தான் பாடகர்கள், உதவி இயக்குநர்கள், அச்சகத்தின் பெயர் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். பின்னட்டையின் சோப்பு விளம்பரத்தையும் விடாதீர்கள்.

ஒட்டும் ஆல்பத்தில் வைத்த போட்டோக்கள் உரிக்க வரவில்லை.
- வாசகி, தஞ்சாவூர்

இழுக்காதீர்கள், படம் வளைந்தால் மேல்பூச்சு வெடித்துவிடும். பல் இடுக்கில் விடும் மெல்லிய நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையே விட்டு, ரம்பம் போல மெதுவாக முன்னும் பின்னும் இழுங்கள். அப்படியும் வராவிட்டால் ஆல்பத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடுங்கள். பின்பக்கம் பெயர் எழுத மெத்தென்ற பென்சில் போதும். பால்பாயின்ட் அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

பழைய ஃபிலிம் துண்டுகள் டப்பாவில் இருந்தால் கவனம். 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. அதை வீட்டுக்குள் வைக்காமல் ஆவணக் காப்பகத்திடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். வினிகர் நெடி அடித்தால் அது பிற்கால அசிடேட் ஃபிலிம். தீ பயம் இல்லை, ஆனால் அழிய ஆரம்பித்துவிட்டது. மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள்.

இசைத்தட்டுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாமா?
- வாசகர், நாகர்கோவில்

கனமான, கீழே விழுந்தால் உடைகிற 78 சுற்றுத் தட்டுகளைத் துடைக்கவே கூடாது. அவை அரக்கில் செய்தவை, ஸ்பிரிட்டில் கரையும். காய்ந்த மென்தூரிகை போதும். எல்பி ஊசியை அதில் வைக்காதீர்கள், 78-இன் பள்ளம் அகலம். ஒலி இரைச்சலாக வரும், ஊசியும் கெடும்.

பதிவு செய்த மன்றம் எங்களுடையது. செயலாளர் கையெழுத்து இல்லாமல் வங்கியில் பணம் எடுக்க முடியவில்லை. அவர் போனுக்கு வரும் ஓடிபியை வைத்து எடுத்துவிடலாம் என்கிறார்கள்.
- பொருளாளர், கோயம்புத்தூர்

கூடவே கூடாது. இறந்தவர் பெயரில் பணம் எடுத்தது பின்னால் தெரிந்தால், நாற்பது வருடம் கணக்கு சுத்தமாக வைத்திருந்தவர் பெயர்தான் முதலில் அடிபடும். செயற்குழுவைக் கூட்டி இரங்கல் தீர்மானம் போடும் அதே கூட்டத்தில், புதிய செயலாளர் தேர்வையும் வங்கியில் கையெழுத்திடுவோர் மாற்றத்தையும் தனித்தனித் தீர்மானமாக எழுதுங்கள். பலர் மூன்றையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டு வங்கியில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். தீர்மான நகல், இறப்புச் சான்றிதழ், புதியவரின் அடையாளச் சான்றுகளோடு போங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி நிர்வாகிகள் மாற்றத்தைப் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதம் கடக்க விடாதீர்கள்.

நினைவு நாளில் ரத்த தான முகாம் நடத்தப்போகிறோம். 200 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.
- இளைஞர் அணி, திருச்சி

பெயர் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அக்டோபர் 1, நடிகர் திலகம் பிறந்தநாள் முகாமில் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும். அன்று கொடுத்த ஆண் டிசம்பர் 30க்கு முன் மறுபடி கொடுக்க முடியாது. நினைவு நாள் நவம்பரில் வந்தால் வரிசையில் நிற்பவரில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. அஞ்சலி என்று காலையில் சாப்பிடாமல் வருகிறவர்கள்தான் மயங்கி விழுகிறார்கள். இட்லியை முகாமுக்கு முன்னால் போடுங்கள், பின்னால் அல்ல.

ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ் கொண்ட குழு மூன்று மணி நேரத்தில் 50 முதல் 70 பேரிடம்தான் எடுக்கும். முழு ரத்தம் 35 நாள்தான் தாங்கும். ஆகவே ஒரே நாளில் 200 பேர் என்பதை விட, ரத்த வங்கியிடம் கேட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 50 பேர் என்று வைத்தால் அவர்களுக்கும் உபயோகம். அவர் பெயரும் வருடத்தில் நாலு தடவை ஒலிக்கும்.

சாலை ஓரம் ஃபிளெக்ஸ் வைக்கலாமா?
- வாசகர், சென்னை

அனுமதியில்லாமல் வேண்டாம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு பெண் உயிரிழந்தது நினைவிருக்கும். அந்தப் பணத்தில் ஸ்கேனர் வாங்கலாம்.

நினைவு மலரில் என்னென்ன சேர்க்கலாம்? அவர் பெயரில் பரிசும் வைக்க ஆசை.
- மலர்க் குழு, சேலம்

பக்கங்களை 16-இன் மடங்காகத் திட்டமிடுங்கள்; 34 பக்கம் என்று போனால் அச்சகத்தில் இரண்டு பக்கத்துக்காக ஒரு தாளுக்குக் காசு கேட்பார்கள். வாழ்த்துரைகளுக்கு நான்கு பக்கத்துக்கு மேல் தராதீர்கள். அரைப்பக்கப் போட்டோ கேட்கும் பிரமுகர்களில் பாதிப் பேருக்கு அவர் முகம்கூடத் தெரிந்திருக்காது. அவரோடு போஸ்டர் ஒட்டப் போனவர், டிக்கெட் கவுண்டர்க்காரர், மன்றக் கூட்டத்துக்கு டீ வாங்கி வந்த பையன், இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பான், இவர்களிடம் பேசி எழுதுங்கள். "அண்ணனைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் "தங்கமானவர்" என்று முடித்துவிடுவார்கள். ரிலீஸுக்கு முந்தின ராத்திரி என்ன வேலை, பசை யார் காய்ச்சினார்கள், தியேட்டரில் கட்டிய அலங்கார ஸ்டார் எத்தனை அடி, தோரணச் செலவு யார் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஆள் தானாக வந்து நிற்பார். குழுப் போட்டோ ஒவ்வொன்றின் கீழும் இடமிருந்து வலமாகப் பெயர் இருக்கட்டும். பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

பரிசுக்கு வருடா வருடம் வசூல் செய்வோம் என்று ஆரம்பித்தால் மூன்றாம் வருடம் நின்றுவிடும். ஒரே தடவை ஒரு லட்சம் திரட்டி நிரந்தர வைப்பில் போடுங்கள். 6.5 சதவீத வட்டி என்றால் வருடம் 6,500 ரூபாய். பரிசுத் தொகையை 5,000 என்று வைத்து மீதியை முதலோடு சேருங்கள். வட்டி இறங்கும் வருடத்தில் அதுதான் காப்பாற்றும்.

எங்களால் பாதுகாக்க முடியாவிட்டால் சேகரிப்பை யாரிடம் ஒப்படைப்பது?
- வாசகர், காரைக்குடி

உங்கள் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா தன் வாழ்நாளில் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் நோட்டீஸ்களும், அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, நாட்டை விட்டுப் போகாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாயின. இப்போது தரமணியில் இருக்கிறது. அங்கோ வேறு நூலகத்துக்கோ எழுதும்போது மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பட்டியலை முதலில் அனுப்புங்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருப்பவற்றை எடுக்கமாட்டார்கள். கொடுக்கும்போது எழுத்தில் நாலு விஷயம் கேளுங்கள்: சேகரிப்பு அவர் பெயரில் குறிக்கப்படுமா, டிஜிட்டல் பிரதி மன்றத்துக்குக் கிடைக்குமா, குடும்பத்தார் வந்து பார்க்கலாமா, வேண்டாத பிரதிகளைத் திருப்பித் தருவார்களா. கையெழுத்துப் போட வேண்டியது குடும்பத்தார், மன்றம் சாட்சி மட்டும்.