வாசகர் கேள்வி பதில்: பிணைக்கைதிகளும் மீட்புப் படமும்

வியாசர்பாடி வாசகர்: எண்டெபே விமானக் கடத்தலை வைத்து எடுத்த போர்ப்படம் ஒன்றை நண்பர்களோடு பார்த்தேன். கேட்ட பணத்தைக் கொடுத்திருந்தால் யாரும் செத்திருக்க மாட்டார்களே என்றேன். பேச்சுவார்த்தை நடத்தியதே கோழைத்தனம் என்கிறார்கள் அவர்கள். எது சரி?

இரண்டுமே சரியில்லை. 1976 ஜூன் 27 அன்று இஸ்ரேலியர் பலர் பயணித்த ஏர் பிரான்ஸ் விமானத்தைக் கடத்தி உகாண்டாவின் எண்டெபே விமான நிலையத்துக்குக் கொண்டுபோனவர்கள் 50 லட்சம் டாலர் மட்டும் கேட்கவில்லை, பல நாட்டுச் சிறைகளில் இருந்த 53 பேரையும் விடச் சொன்னார்கள். பணத்தோடு முடிகிற விவகாரமே இல்லை அது. உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்: முதல் கெடு ஜூலை 1. பேசத் தயார் என்று இஸ்ரேல் அறிவித்த பிறகுதான் அது ஜூலை 4-க்குத் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில்தான், விடுதலையாகி பாரிஸ் வந்த பயணிகளிடம் உள்ளே யார் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டறிந்து, பயணிகளை அடைத்துவைத்த விமான நிலைய முனையத்தைக் கட்டியது இஸ்ரேல் நிறுவனம் என்பதால் வரைபடத்தையும் எடுத்து, இஸ்ரேல் கமாண்டோக்களால் ஒத்திகை பார்த்துக் கிளம்ப முடிந்தது. பேசியதால்தான் மீட்க முடிந்தது.

நூறு பேருக்கு மேல் உயிரோடு வந்தார்கள், உண்மைதான். ஆனால் எல்லாரும் படுத்துக்கொள்ளுங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்தியபோது எழுந்து நின்ற 19 வயதுப் பயணி ஜான் ஜாக் மைமோனி, மீட்க வந்தவர்களின் குண்டிலேயே செத்தான். தொண்டையில் உணவு சிக்கி கம்பாலா மருத்துவமனைக்குப் போயிருந்த முதியவர் டோரா பிளாக்கை, மீட்பு முடிந்த பிறகு, கடத்தியவர்களுக்குத் துணைநின்ற உகாண்டா அதிபர் இடி அமீனின் ஆட்கள் கொன்றார்கள். உகாண்டா வீரர்களும் பலர் இறந்தார்கள். படத்தைப் பார்த்துக் கைதட்டுங்கள், தப்பில்லை, இவர்களையும் கணக்கில் வைத்துக்கொண்டு தட்டுங்கள்.

தண்டையார்பேட்டை வாசகர்: நம் ஆட்கள் இப்படி நிஜமாகச் செய்திருக்கிறார்களா?

ஓ, செய்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் சோமாலியக் கடற்கொள்ளையர் கடத்திய 'ரூயன்' சரக்குக் கப்பலை 2024 மார்ச்சில் நம் போர்க்கப்பல் ஐஎன்எஸ் கொல்கத்தா மடக்கியது. விமானத்திலிருந்து கடற்படை கமாண்டோக்கள் குதித்தார்கள். சுமார் 40 மணி நேரத்தில் 35 கொள்ளையரும் சரணடைந்தார்கள், மாலுமிகள் 17 பேருக்கும் ஒரு கீறல் இல்லை.

காசிமேடு வாசகி: என் தம்பி மகன் கப்பல் வேலைக்குக் கிளம்புகிறான். இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அவன் அம்மா தூங்குவதில்லை.

பணம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று யாராவது தேற்றினால் அதை மட்டும் நம்பாதீர்கள். 2010-ல் சோமாலியக் கொள்ளையர் பிடித்த 'அஸ்பால்ட் வெஞ்சர்' கப்பலுக்குப் பணம் கட்டிய பிறகும், நம் கடற்படை பிடித்துவைத்த தங்கள் ஆட்களைக் காட்டி ஏழு இந்தியர்களை விடவில்லை. அவர்கள் வீடு திரும்பியது 2014-ல். அந்த வருடங்களை எந்தப் படமும் காட்டாது, அதில் வெடிச்சத்தம் இல்லையே.

பயந்து பையனை நிறுத்த வேண்டாம், துறைமுகத்தை நம்பி வாழும் ஊர் நம்முடையது. ஆனால் அனுப்பும் முகவருக்குக் கப்பல் போக்குவரத்துத் துறையின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். மாலுமி கடத்தப்பட்டால் ஒப்பந்தக் காலம் முடிந்தாலும், சிறைப்பட்டிருக்கும் வரை சம்பளம் வர வேண்டும் என்பது 2020 டிசம்பரிலிருந்து சர்வதேச விதி. அது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று படித்துவிட்டு, ஒரு நகலை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.