பழைய காரின் ஸ்பிரிங் பிடிமானத்தில் துரு: கேள்வி பதில்

ஹட்டனில் டிங்கரிங் கராஜ் நடத்துகிறேன். பழைய கார்களில் ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் பொருந்தும் இடங்கள் துருவேறுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியர்: அண்ணன், என் மொரிஸ் மைனர் பின்னால் இடது பக்கம் சரிந்து நிற்கிறது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, புதிது போடுங்கள் என்கிறார்கள். வாங்கட்டுமா?

இப்போதைக்கு வாங்க வேண்டாம், சேர். காரைச் சமதரையில் நிறுத்தி இரண்டு ஸ்பிரிங்குகளின் வளைவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வளைவாக இருந்தால் ஸ்பிரிங்கில் குற்றமில்லை. அதைப் பிடித்திருக்கும் இரும்புதான் இற்றுப்போய் உள்வாங்கியிருக்கிறது.

மைனருக்குச் செஸி எனும் தனி அடிச்சட்டம் கிடையாது. வண்டியின் உடலே பாரம் சுமக்கிறது. பின் ஸ்பிரிங்கின் இரு முனைகளும் தளத்தோடு ஒட்டிய பெட்டி வடிவ இரும்பைத்தான் நம்பியிருக்கின்றன. தோட்டத்துப் பாதையின் சேறு சில்லிலிருந்து தெறித்து அந்த இடுக்குகளில் போய் அடைகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை நம் பக்கத்தை விடுவதில்லை. அடைந்த சேறு காயவே வழியில்லை. துரு உள்ளிருந்து தின்று வரும். வெளியே தெரிவது பெயின்டில் சின்னப் புடைப்பு மட்டும்.

அடியில் அடித்திருக்கும் கறுப்புப் பூச்சைச் சுரண்டிவிட்டுச் சிறிய சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், இற்றது பொத்தென்று அமுங்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். துரு ஏடு ஏடாகக் கழன்று ஈரச் சேறும் கூடவே கொட்டினால் அந்தத் துண்டு முழுவதையும் வெட்டித்தான் ஆக வேண்டும்.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவைதான் பாதி வேலை. உடலுக்கு உறுதியான இடங்களில் முட்டுக் கொடுத்து, ஸ்பிரிங் மேலிருக்கும் பாரத்தை இறக்குங்கள். மாறாத துளைகளிலிருந்து குறுக்கும் நெடுக்கும் அளந்து எழுதி வையுங்கள். கதவு இடைவெளிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். தற்காலிகக் கம்பி ஒன்றை ஒட்டி உடலைக் கட்டி நிறுத்தாமல் வெட்டினால் கதவு பிறகு பூட்டாது. மைனரின் பெற்றோல் தாங்கி டிக்கியின் தளத்தில் இருக்கிறது. அதைக் கழற்றி வெளியே வைக்காமல் பின்பக்கத்தில் நெருப்புப் பொறி படவே கூடாது. பற்றரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.

பளபளக்கும் இரும்பு தெரியும் வரை வெட்டுங்கள். உடல் தகடு ஒரு மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். ஸ்பிரிங் பிடிக்கும் இடத்துக்கு அந்தத் தகடு போதாது. முதலில் இருந்த தடிமனுக்குக் குறையாத உருக்குத் தகடு வேண்டும். மிக் வெல்டிங்கில் சிறு சிறு துண்டாக, இடம் மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும். முடிந்ததும் நீர் வடியும் துளையைத் திறந்து வைத்து, சிங்க் பிரைமர் பூசி, பெட்டியின் உள்ளே மெழுகு தெளிக்க வேண்டும்.

பண்டாரவளை: இற்ற இடத்தின் மேல் ஒரு தகடு வைத்து ஒட்டினால் போதாதா?

போதாது. துருவின் மேல் வெல்டிங் பிடிக்காது. பிடித்தாலும் உள்ளே துரு தொடர்ந்து தின்னும்.

மஸ்கெலியா: என் மைனரில் முன்பக்க டொர்ஷன் பார் போய்ச் சேரும் குறுக்குச் சட்டத்தின் முனை இற்றுவிட்டது. வீட்டிலேயே செய்யலாமா?

வேண்டாம். டொர்ஷன் பார் என்பது ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி. முறுக்கிய அந்தக் கம்பியில் காரின் பாரமே அடங்கியிருக்கிறது. முறுக்கை இறக்காமல் போல்ட்டில் கை வைத்தால் கை போய்விடும். வெல்டிங் சூடும் கம்பியைத் தொடக் கூடாது. கராஜுக்குக் கொண்டுபோகும் நாளில் முன்சில்லைத் தாங்கும் கீழ் மூட்டான டிரனியனையும் பார்க்கச் சொல்லுங்கள். கிரீஸ் காணாத டிரனியன் கழன்று முன்சில்லு மடங்கி விழுவது மைனருக்குப் பழைய நோய். கினிகத்தேனை இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நுவரெலியா: நிசான் சன்னியில் பொனட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் சேர்ந்த தூண்) மேல் மூடியைச் சுற்றித் துரு. டயரின் உள்விளிம்பும் தேய்கிறது.

இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம். மேல் பிடிமானம் நகர்ந்தால் சில்லின் சாய்வு மாறி டயர் ஒரு பக்கம் தேயும். முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் வழியைப் பாருங்கள். பைன் ஊசியும் இலையும் அடைத்து நீர் தேங்கினால் எத்தனை முறை ஒட்டினாலும் மறுபடி துருப் பிடிக்கும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் ஸ்ட்ரட்டின் நடு நட்டைக் கழற்ற வேண்டாம்.

லிந்துலை, ஓய்வுபெற்ற லொறிச் சாரதி: தம்பி, இத்தனை மெழுகும் பிரைமரும் எதற்கு? தோட்டத்து லொறிக்குக் காலமெல்லாம் கழிவு எஞ்சின் எண்ணெய்தான் அடித்தோம். செஸி இன்னும் இரும்பாகத்தான் இருக்கிறது.

ஐயா சொல்வது லொறிக்கு உண்மை. லொறியின் செஸி தடித்த, திறந்த இரும்பு. எண்ணெய் எல்லாப் பக்கமும் ஓடும். காரில் மெல்லிய தகடு மூடிய பெட்டியாக இருக்கிறது. வெளியே அடிக்கும் எண்ணெய் உள்ளே போகாது, நோயோ உள்ளே இருக்கிறது. அந்த எண்ணெய் ரப்பர் புஷ்ஷையும் பிரேக் குழாயையும் ஊதவைக்கும்.

பதுளை: ஐயாவின் பக்கம்தான் நான். மெழுகு விலையில் பாதிகூட ஆகாது.

லிந்துலை: புஷ் கெட்டால் மாற்றலாம், தம்பி. இரும்பு கெட்டால்?

இரும்பைக் காக்கத்தான் நானும் சொல்கிறேன், ஐயா. எண்ணெய் அடித்த வண்டியில் பின்னாளில் வெல்டிங் செய்யும்போது அந்த இடம் தீப்பிடிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மழையில் கழுவப்பட்டு அது போய்ச் சேர்வதும் நம் ஓடைகளில்தான்; அதே நீரை லயத்துப் பிள்ளைகள் குடிக்கிறார்கள். காசு குறைவாக இருந்தால் சேற்றைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். அதற்குச் செலவே இல்லை.

ஹாலிஎல, வெலிமடை, கண்டி: பைபர் அல்லது பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்து மூடலாமா?

பண்டாரவளைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். பட்டி கதவுக்கு, பாரம் தாங்கும் இடத்துக்கு ஒருபோதும் இல்லை.

கம்பளை: எவ்வளவு செலவாகும்?

வெட்டிப் பார்க்காமல் சொல்பவரை நம்ப வேண்டாம்.

நாவலப்பிட்டி: ரேடியேட்டர் ஒழுகுகிறது.

ரேடியேட்டர் கடைக்குப் போங்கள்.

கொட்டகலை: 2020 இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கார்களின் விலை ஏறிவிட்டது. 2025 இல் திறந்தும் புதிய கார் எனக்கு எட்டவில்லை. ஒரு மினி பார்த்திருக்கிறேன், எங்கே கவனிக்க வேண்டும்?

பின் சப்பிரேமைத்தான் முதலில் பாருங்கள். மினியில் பின்சில்லுகள் இரண்டையும் சுமக்கும் இரும்புக் கூடு அது; அதில் துளை விழுவது சர்வசாதாரணம். கூட்டை மாற்றலாம். அது போல்ட்டில் சேரும் உடல் பகுதி இற்றிருந்தால் வேலை பெரிதாகிவிடும். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்து விற்பவரிடம் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்தக் காரை வாங்க வேண்டாம்.