பறித்த பின்னும் மூச்சு விடும் காளான்

கேள்வி: மொட்டுக் காளானை வாங்கிய அன்றே ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். இருந்தும் சில நாள்களில் வெண்மை மங்கிப் பழுப்பாகி, குடை விரிந்து, தொட்டால் வழவழவென்று ஆகிவிடுகிறது. குளிரில் வைத்தும் ஏன் கெடுகிறது? நிறம் மாறியதைச் சமைக்கலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பறித்த பின்னும் காளான் தன் வளர்ச்சியை நிறுத்திவிடுவதில்லை என்பதே இதற்கு மூல காரணம். வளர்ப்புப் படுக்கையிலிருந்து உணவு வராத நிலையில், தன்னுள் சேர்த்துவைத்திருக்கும் மானிட்டால் (சர்க்கரையை ஒத்த ஒரு பொருள்) போன்றவற்றைச் செலவழித்துக்கொண்டு, வித்துத்துகள்களை உருவாக்கும் வேலையை அது தொடர்கிறது. அதனால்தான் தண்டு நீண்டு, குடைக்கு அடியிலுள்ள மெல்லிய சவ்வு கிழிந்து, கருத்த மடிப்புகள் வெளியே தெரிகின்றன. குளிர் இந்த வேகத்தைக் குறைக்குமே தவிர, முற்றிலும் நிறுத்தாது. மொட்டுக் காளானுக்கு உகந்த வெப்பநிலை 0 முதல் 2 டிகிரி செல்சியஸ். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

பழுப்பு நிறத்துக்குக் காரணம் டைரோசினேஸ் என்ற நொதி. திசு நசுங்கும்போது இந்த நொதியும் காளானில் உள்ள ஃபீனால் என்னும் வேதிப்பொருள்களும் ஆக்சிஜனும் ஒன்றுசேர்ந்து மெலனின் என்னும் நிறமி உண்டாகிறது. வெண்ணிறக் குடையை விரலால் அழுத்திப் பாருங்கள். முதலில் பழுப்பேறுவது அந்த விரல் தடம்தான். ஆகவே, எடுத்துவரும்போது படும் அடியே பாதிக் கேட்டைச் செய்துவிடுகிறது என்பேன்.

அடுத்தது ஈரம். காளானில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர். அதைத் தடுத்துவைக்கப் பழங்களுக்கு இருப்பதுபோன்ற மெழுகுத் தோல் கிடையாது. திறந்து வைத்தால் சுருங்கும். இறுக்கி மூடினால் உறையின் உட்புறம் நீர் முத்துமுத்தாகக் கோத்து, குளிரிலும் பெருகக்கூடிய சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் வழவழப்பை உண்டாக்கும். காற்றே புகாத உறையில் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் வளரவும் வாய்ப்புண்டு என்பதால், பாக்கெட்டில் உள்ள சிறு துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள். கழுவாமல், நறுக்காமல், காகிதப் பையில் போட்டு, கதவுப் பகுதியில் அல்லாமல் உள்தட்டில் வையுங்கள். இலேசான பழுப்பு மட்டும் இருந்தால் அன்றே சமைத்துவிடலாம். வழவழப்போ புளித்த வாடையோ இருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: வைக்கோல் காளான் வளர்க்கிறேன். விற்காமல் மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியில் இருந்ததைவிட மோசமாகி, நீர் விட்டுக் குழைந்துபோகிறது. ஏன்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இது வெப்பநிலத்துக் காளான்; குளிர் இதற்கு ஆகாது. 4 டிகிரியில் இதன் செல் சவ்வுகள் சிதைந்து, உள்ளிருக்கும் நீர் கசிந்து, திசு தானாகவே கரையத் தொடங்கும். குடை விரியாமல் முட்டை வடிவில் இருக்கும் பருவத்திலேயே பறித்து, 10 முதல் 15 டிகிரிக்குள் வைத்தால் ஓரிரு நாள் தாங்கும். அதற்கு வசதி இல்லையென்றால் அன்றே விற்பதும், மிஞ்சியதை உலர்த்துவதுமே நல்லது. சில நாள் தாங்கும் காளான்தான் உங்கள் சந்தைக்குத் தேவை என்றால், சதைப்பற்றுள்ள பால் காளானையும் சேர்த்து வளர்க்கலாம்.