புது பேட்டரி போட்டும் செல்ஃப் எடுக்கவில்லையா?

கேள்வி: மேலூரிலிருந்து தினமும் பைக்கில் மதுரை சிம்மக்கல் போய், அங்கே கடைகளுக்குச் சரக்கு போடுகிறேன். 150 சிசி வண்டி, ஐந்து வருடம் ஆகிறது. காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘டக டக டக’ என்ற சத்தம் மட்டும்தான். கிக்கரை உதைத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. போன மாதம்தான் பேட்டரி மாற்றினேன். இப்போது செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கிக்கரில் உடனே பிடிக்கிறது என்றால் பெட்ரோல், பிளக் எல்லாம் சரியாக இருக்கின்றன. மிச்சம், அந்தச் சத்தமே சொல்லிவிடும்.

‘டக டக’ என்று துடிப்பது மோட்டார் இல்லை, ஸ்டார்டர் ரிலே; பேட்டரி கரண்டை மோட்டாருக்குத் திறந்துவிடும் சுவிட்ச் அது. பட்டனை அழுத்தியதும் ரிலே ஒட்டுகிறது, மோட்டார் கரண்ட் இழுக்கிறது, வோல்டேஜ் சரிகிறது, ரிலே விட்டுவிடுகிறது. வோல்டேஜ் ஏறியதும் மறுபடி ஒட்டுகிறது. ஆக, மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போய்ச் சேரவில்லை. ஹார்ன் நன்றாக அடிக்கிறதே என்று நினைக்காதீர்கள். 35 வாட் ஹெட்லைட்டுக்கே மூன்று ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டார் அதைப் போலப் பல மடங்கு கேட்கும்.

வோல்டேஜ் அளக்க ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிவிடுங்கள். காலையில் சாவி போடும் முன் பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல சார்ஜ். 12.2, 12.1 என்றால் பாதி காலி. அப்புறம் வண்டியை நியூட்ரலில் வைத்து, செல்ஃபை அழுத்திக்கொண்டே பாருங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது இந்தச் சோதனைதான். சும்மா இருக்கும்போது 12.6 காட்டும் பேட்டரி, அழுத்தியதும் 9.5க்குக் கீழே விழுந்தால் அது புதிதானாலும் பலமில்லாதது. சில கடைகளில் ஆசிட் ஊற்றிய கையோடு, முதல் சார்ஜ் ஏற்றாமலே மாட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். உங்களுக்கு அப்படி நடந்திருந்தால், கழற்றி மெதுவாக முழு சார்ஜ் போட்டாலே தேறலாம்.

அழுத்தும்போதும் பேட்டரியில் 11க்கு மேல் நின்று, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லையா? கோளாறு பெரும்பாலும் வயரில். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், இன்னொன்றை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்து செல்ஃபை அழுத்துங்கள். அரை வோல்ட் காட்டினால்கூட எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் உள்ள இணைப்பு, சரியில்லை. பேட்டரி மாற்றும்போது டெர்மினல் போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விடுவது ரொம்ப சகஜம். உப்புப் பூத்திருந்தால் எமரி தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அது கடைசியில்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. மேலூர்–மதுரை நாலுவழிச் சாலையில் ஒருமுறைக்குச் சுமார் 30 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். நகரத்துக்குள் நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் செய்தாலும், சாயங்காலம் ஊர் திரும்பும் ஓட்டத்திலேயே பேட்டரி நிரம்பிவிட வேண்டும். விடிந்தால் காலி என்றால், ஒன்று சார்ஜ் ஏறவில்லை, இல்லை ராத்திரியில் கரண்ட் கசிகிறது. இன்ஜினை ஓடவிட்டு லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து அளந்தால் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். ஏறவே இல்லையென்றால் கரண்டை உண்டாக்கும் மேக்னெட் காயிலையோ, அதைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்பும் ரெக்டிஃபையரையோ சோதிக்கச் சொல்லுங்கள். 15ஐத் தாண்டினால் ரெக்டிஃபையரை உடனே மாற்றுங்கள்; மதுரை வெயிலும் சேர்ந்தால் அது பேட்டரியைக் கொதிக்க வைத்தே கொன்றுவிடும். சார்ஜ் சரியாக ஏறினால், ஜிபிஎஸ், அலாரம், செல்போன் சார்ஜர் என்று பேட்டரியில் நேரடியாக இணைத்ததைக் கழற்றிவிட்டு ஒரு ராத்திரி நிறுத்திப் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்து, ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு மோட்டார் அசையாவிட்டால்தான் ரிலேயையும் மோட்டாரையும் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் முதலில், மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் பல வண்டிகளில் அதை மட்டும் மாற்றினால் போதும். அதுவரை செல்ஃபை ஒரு தடவைக்கு ஐந்து வினாடிக்கு மேல் அழுத்தாதீர்கள், மோட்டார் காயில் சூடேறிக் கருகும்.