கொழிஞ்சாம்பாறை அக்காவுக்கு: மகள் பிஎச்டி படிக்கட்டும்

அக்கா, அன்றைக்கு போனில் அவசரமாகப் பேசிவிட்டேன், அதனால் எழுதுகிறேன். எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) முடித்த பெண், மனநோய் வந்தவர்களை ஊரும் வீடும் எப்படிப் பார்க்கிறது, அந்தப் பார்வைக்குப் பயந்து எத்தனை பேர் வைத்தியத்துக்கே வராமல் இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி பண்ணப் போகிறேன் என்கிறாள். சொந்தத்தில் ஒருத்தர் "குதிரவட்டத்துக்கா அனுப்பறீங்க?" என்று கேட்டது உங்களைச் சுட்டுவிட்டது. புரிகிறது. நம் பக்கம் குதிரவட்டம், திருவனந்தபுரம் பக்கம் ஊளம்பாறை, சென்னையில் கீழ்ப்பாக்கம் என்று மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தின் பேரே வசவாகிப் போயிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு எந்த அம்மா பிள்ளையைத் தைரியமாகக் கூட்டிப்போவாள்? உங்கள் மகள் ஆராயப் போவது இதைத்தான்.

இது சின்ன விஷயம் இல்லை. 2015-16இல் பெங்களூரு தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் (கேரளமும் தமிழ்நாடும் அதில் உண்டு) பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. பெரும்பாலான நோய்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் சிகிச்சை கிடைக்கவில்லை.

கோயில், மந்திரிப்பு என்று போகிறவர்களை அவள் கேவலமாக நினைக்கக் கூடாது, இதை அவளிடமும் சொல்லியிருக்கிறேன். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பற்றிய ஆய்வு 2002இல் வந்தது, அங்கே தங்கியிருந்த காலத்தில் அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அன்பாக, பயமுறுத்தாமல் வைத்துக்கொண்ட இடம் அது. இன்னொரு பக்கம், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஏர்வாடி, 2001 ஆகஸ்ட் 6, சங்கிலியில் கட்டியிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் தீயில் போனார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவள்தான் நல்ல ஆராய்ச்சியாளர்.

சரி, பணம். யுஜிசி நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து அதன் அடுத்த படியான எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000. பெண்களுக்கு வயது வரம்பில் 5 வருஷம் சலுகை உண்டு, அதனால் இப்போதே கல்யாணமா படிப்பா என்று அவளை நெருக்க வேண்டாம். ஜேஆர்எஃப் கிடைக்காவிட்டால் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாதவர்களுக்குத் தருவது மாதம் 8,000தான், அதில் ஹாஸ்டலும் பஸ்ஸும் போக ஒன்றும் மிஞ்சாது. அதனால் முதலில் நெட்டுக்கு ஒரு வருஷம் கொடுங்கள். இடம் தேடும்போது நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தில் பொதுச் சுகாதாரத்துக்காக இருக்கிற அச்சுத மேனன் மையம், இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கல்லூரிப் பேரைவிட வழிகாட்டி யார் என்பது முக்கியம். அவரிடம் ஏற்கனவே படித்தவர்கள் இரண்டு பேரிடமாவது பேசிவிட்டுத்தான் சேர வேண்டும்.

நோயாளிக்குச் சிகிச்சை கொடுக்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டும், அது வேறு வழி. அவளுக்கு வேண்டியது அது இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் கவனிக்காத ஒன்று சொல்கிறேன். நம் ஊரில் சிலர் பாலக்காட்டில் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டி கோவைக்குப் போய் மாத்திரை வாங்குகிறார்கள். சீட்டு அங்கே, வீடு இங்கே, நடுவில் மாத்திரை நின்றுபோனால் தேடி வர ஆள் இல்லை. வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வளர்ந்த பெண் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் இந்தக் கதையெல்லாம் வெளியே வரும். கேள்வித்தாளை மொழிபெயர்க்கும்போது "மனசு சரியில்லை" என்பதற்கும் "புத்தி சரியில்லை" என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியும். வெளியூர்க்காரர் ஒருவருக்கு இது பிடிபட வருஷக்கணக்காகும்.

ஒரே ஒரு பயம் எனக்கும் உண்டு. நாள் முழுக்க அடுத்தவர் துக்கத்தைக் கேட்டுவிட்டு வருகிற பிள்ளை, ராத்திரி யாரிடமும் பேசாமல் படுத்துவிடக் கூடாது. அவளே தளர்ந்துபோனால் அரசின் மனநல உதவி போன் டெலிமானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம், செலவில்லை. அதைக் கூப்பிடுவதில் வெட்கம் இல்லை என்று நீங்கள் உங்கள் வாயால் அவளிடம் சொல்லுங்கள். நான் சொல்வது வேறு, அம்மா சொல்வது வேறு.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால், மாவட்ட மனநலத் திட்டத்தின் முகாம் ஏதாவது ஒன்றில் அனுமதி வாங்கி சில வாரம் உதவியாளாக இருக்கட்டும். முதல் நாள் நீங்களும் கூடப் போய் வாருங்கள், அக்கா. அண்ணனையும் கூட்டிப் போங்கள்.