அக்காவின் கல்யாணம் தள்ளிப்போனதில் எனக்கு ஏன் சந்தோஷம்?

அன்புள்ள மேடம்,

எனக்கு 20 வயது. பிலிப்பைன்ஸின் டாவோ நகரத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் ஆசிரியர் படிப்பு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் டாவோ ஓரியண்டல் மாகாணத்தில் ஒரு கடலோரக் கிராமம். என் அறைத்தோழி தமிழ்நாட்டிலிருந்து இங்கே மருத்துவம் படிக்க வந்தவள். உங்கள் பதில்களை எனக்கு வாசித்துச் சொல்வாள். நான் சொல்லச் சொல்ல இதைத் தமிழில் எழுதுவதும் அவள்தான்.

2012 டிசம்பரில் பாப்லோ புயல் எங்கள் கரையில் ஏறியபோது தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்தது. கொப்பரைதான் எங்களுக்குச் சோறு போட்டது. புதுக் கன்று காய்க்க வருடக்கணக்காகும் என்பதால் மூத்த அக்கா ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அன்றிலிருந்து அவள் அனுப்பும் பணத்தில்தான் வீடு ஓடுகிறது.

அவளுக்கு இப்போது 36 வயது. போதும், ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொள்கிறேன் என்கிறாள். அடுத்து நான் போக வேண்டும் என்று அம்மா எதிர்பார்க்கிறார். வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘தம்பிகள் படிப்பு என்னாகுமோ’ என்று என் காதில் விழும்படி சொல்வார். ஊருக்கு வரும் ஏஜென்ட் ஒருவர், வயதைக் கூட்டிப் பேப்பர் தயார் செய்து தருகிறேன் என்கிறார். மறுத்தால் ‘வாலங் உதாங் ந லோஓப்’, நன்றி கெட்டவள், என்று ஊர் பேசும்.

பிப்ரவரியில் அண்ணன் கல்யாணம் நடந்தது. உடன்பிறந்தவர்கள் இருவர் ஒரே வருடத்தில் மணம் முடித்தால் ஒருவர் வாழ்க்கை கெடும் என்று எங்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. சுகோப் என்பார்கள். பாட்டி பிடிவாதமாக அக்காவின் கல்யாணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன், இன்னும் ஒரு வருடம் அக்கா பணம் அனுப்புவாளே என்று. அதன் பிறகு வீடியோ காலில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தூக்கமும் சரியில்லை. நான் சுயநலக்காரியா?

– பெயர் வேண்டாம், டாவோ

அன்பு மகளுக்கு,

படிப்பு பாதியில் நின்றுவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தவளுக்கு ஒரு வருட அவகாசம் கிடைத்தால் நிம்மதி வரத்தான் செய்யும். அதற்காக உன்னைச் சுயநலக்காரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வருடம் அக்காவின் வாழ்க்கையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பது உனக்குத் தெரிகிறது. அந்த உறுத்தல் நியாயமானது. அதை அவளிடமே சொல்.

அதற்கு முன் ஒன்று. அந்த ஏஜென்டோடு இனி பேசாதே. 20 வயதுப் பெண்ணை வெளிநாட்டு வீட்டு வேலைக்கு அனுப்ப உங்கள் அரசின் விதி இடம் கொடுப்பதில்லை. போலி வயதில் போனால், அங்கே சம்பளம் தராவிட்டாலும் அடித்தாலும் புகார் கொடுக்கவே பயப்படுவாய். இதை அம்மாவிடமும் நேராகச் சொல்லிவிடு.

இனி அக்கா. உன் கடிதத்தில் பாட்டி பேசுகிறார், அம்மா பேசுகிறார், ஏஜென்ட்கூடப் பேசுகிறார். கல்யாணம் தள்ளிப்போனதைப் பற்றி அக்கா என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. யாராவது அவளைக் கேட்டீர்களா? அவளுக்கு விடுமுறை நாளில், பெரும்பாலும் ஞாயிறாகத்தான் இருக்கும், நிதானமாகக் கூப்பிடு. ‘தள்ளிப்போனதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதுதான் என்னை அரிக்கிறது’ என்று சொல். கோபம் வந்தால் வரட்டும், கேட்டுக்கொள். தள்ளிப்போடுவதில் அவளுக்குச் சம்மதம் இல்லையென்றால், அவளுக்காகப் பாட்டியிடம் முதலில் பேசுவது நீயாக இருக்க வேண்டும். உனக்கு அது கஷ்டம்தான். ஆனாலும் செய்.

பாட்டியிடம் சுகோப் பொய் என்று வாதாடப் போகாதே. ஒரே வருடத்தில் இரண்டு கல்யாணச் செலவைத் தாங்க முடியாத வீடுகளுக்கு அது ஒரு தடுப்பாகவும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறார். பூசைக்கு அவரோடு சர்ச்சுக்குப் போ, அக்காவின் வயதைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் பேசு.

அம்மாவிடம் பேச உனக்குக் கணக்கு தேவை. ஹாங்காங்கில் வெளிநாட்டு வீட்டுப் பணியாளருக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2024 செப்டம்பரில் 4,990 ஹாங்காங் டாலர் ஆனது. அன்றைய மதிப்பில் உங்கள் காசில் ஏறக்குறைய 36,000 பெசோ. அரசுப் பள்ளியில் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு 2025-ல் 30,000 பெசோவை ஒட்டி வந்தது. தகுதித் தேர்வும் வேலைக்கான காத்திருப்பும் உண்டு, அதை மறைக்காதே. இன்னொன்று, 2017-ல் வந்த 10931-ஆம் சட்டத்தால்தான் அரசுக் கல்லூரியில் உனக்குக் கட்டணம் இல்லை. படிப்புக் காலத்துக்கு மேல் ஒரு வருடத்துக்குள் முடிக்காதவர்கள் அந்தச் சலுகையை இழக்கிறார்கள். எனவே ‘கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு வந்து படி’ என்று யார் சொன்னாலும், கல்லூரிப் பதிவாளரிடம் கேட்காமல் நின்றுவிடாதே.

குடும்பத்தைத் தாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் நாட்டின் 1987 குடும்பச் சட்டமே பெற்றோரும் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் ஒருவரையொருவர் தாங்க வேண்டும் என்கிறது. கூடவே, கொடுப்பவரின் சக்தியையும் பெறுபவரின் தேவையையும் பார்த்து அளவை வைக்கச் சொல்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவிக்கு அந்தச் சக்தி இன்னும் வரவில்லை.

அப்புறம், உன் அண்ணன் எங்கே? அக்காவுக்கு அடுத்து நீ என்று எல்லோரும் எண்ணுகிறீர்கள், நடுவில் இருக்கும் அவரை யாரும் எண்ணவில்லை. புதிதாகக் கல்யாணமானவர், சரி. முழுச் சுமையையும் அவர் தலையில் வைக்கச் சொல்லவில்லை. ஹாங்காங் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அக்காவின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, நீ எப்போது முடிப்பாய், இடையில் எத்தனை மாதம் என்று எழுதிப் பார். அந்த இடைவெளியில் தம்பிகளின் செலவில் ஒரு பங்கை அவர் ஏற்க முடியுமா என்று, அக்காவும் அம்மாவும் இருக்கும்போது, வெளிப்படையாகக் கேள்.

தூக்கம் இல்லாதது தொடர்ந்தால் கல்லூரியின் வழிகாட்டி ஆலோசகரைப் பார். தாங்க முடியாத இரவுகளில் 1553 என்ற எண்ணைக் கூப்பிடு, உங்கள் தேசிய மனநல மையத்தின் உதவி எண் அது. இந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்த தோழி பக்கத்து அறையில்கூட இல்லை, உன் அறையிலேயே இருக்கிறாள். அவளை எழுப்பவும் தயங்காதே.