தபால் பெட்டியில் இரண்டு பெயர்

கேள்வி: கணவருக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், படித்த வெளிநாட்டினருக்கான புளூ கார்டு விசாவில் வேலை கிடைத்திருக்கிறது. நவம்பர் முதல் வாரம் இருவரும் சேர்ந்தே கிளம்புகிறோம். ஆரம்பத்தில் சில மாதம் தங்க ஒரு ஃபர்னிஷ்டு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். போனதும் முதலில் எதைச் செய்வது? நான் கோவையில் 7 வருடம் கணக்காளராக இருந்தேன். அங்கே போய் வீட்டோடு முடங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அந்த ஃபிளாட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: அன்மெல்டுங் செய்ய எங்கள் இருவர் பெயரிலும் சான்று தருவீர்களா?

அன்மெல்டுங் என்பது நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வது. குடிபோன 2 வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு, நீங்கள் அங்கே குடிவந்ததாக வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடுபவர்களில் பலர் இந்தத் தாளைத் தருவதில்லை. அது இல்லையென்றால் பதிவு நடக்காது. பதிவு நடக்காவிட்டால் வரி எண் வராது. வரி எண் கம்பெனி கைக்குப் போகாவிட்டால், இருப்பதிலேயே அதிகமான ஆறாம் வகுப்பு வரியைச் சம்பளத்தில் பிடிக்க நேரலாம். பிற்பாடு சரிசெய்துகொள்ளலாம் என்றாலும், புது ஊரில் முதல் சம்பளம் குறைவது பெரிய அடி. பதிவுக்கான அப்பாயின்ட்மென்ட்டை இப்போதே கோவையிலிருந்தே இணையத்தில் தேடுங்கள். திருமணப் பதிவுச் சான்றின் அசலையும் அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் வரி வகுப்பு அதைப் பொறுத்தது.

அடுத்தது தபால் பெட்டி. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் இதைச் சின்ன விஷயமாக நினைத்துவிடுகிறோம். ஜெர்மனியில் அடுக்குமாடி வீட்டுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் தெருவில் கட்டிடத்தின் எண்ணைப் பார்ப்பார், அப்புறம் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்ப்பார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். தமிழ்த் தம்பதிகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் அவருக்கு அவருடைய அப்பா பெயர், உங்களுக்கு உங்கள் அப்பா பெயர். இரண்டும் குடும்பப் பெயராகப் பதிவாகும். நாங்கள் வந்த புதிதில் கணவர் பெயரை மட்டும் ஒட்டியிருந்தோம். எனக்கு வந்த வரி எண் கடிதம் திரும்பிப் போனது. அது மீண்டும் கைக்கு வரும்வரை நான் அந்த நாட்டில் இல்லாதவள் மாதிரி இருந்தேன். ஆகவே சாவி வாங்கும் அன்றே இரண்டு பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே எழுதி, பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். வரி எண், வங்கி அட்டையின் ரகசிய எண், காப்பீட்டு அட்டை என்று முக்கால்வாசி விஷயம் இன்னும் தபாலில்தான் வருகிறது.

வரும் கடிதங்களில் ஒன்று பொது ஒலிபரப்புக் கட்டணத்துக்கானது. மாதம் 18.36 யூரோ என்று 2021-இல் நிர்ணயித்த கட்டணம். டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும், ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். குடும்பப் பெயர் வேறாக இருப்பதால் இருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் வரும். இரண்டாவது கடிதத்துக்கு முதலாமவரின் கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டால் போதும். பதில் போடாமல் விட்டால் இரண்டு பேரிடமும் கேட்பார்கள்.

மருத்துவக் காப்பீட்டில் அவசரப்பட வேண்டாம். கணவர் அரசு சார்ந்த பொதுக் காப்பீட்டில் சேர்ந்தால், நீங்கள் சம்பாதிக்கத் தொடங்கும்வரை கூடுதல் கட்டணம் இல்லாமல் உங்களையும் சேர்த்துக்கொள்வார்கள். சம்பளம் அதிகம் உள்ளவர்களிடம் தனியார் காப்பீட்டை மலிவு என்று காட்டுவார்கள். அங்கே தலைக்குத் தலை தனிக் கட்டணம், பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவதும் கடினம். தம்பதியாகப் போகிறவர்களுக்கு நான் பொதுக் காப்பீட்டையே சொல்வேன்.

இனி உங்கள் பயம். புளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவி எந்த வேலைக்கும் போகலாம், தனி அனுமதி தேவையில்லை. அந்த வாசகம் உங்கள் விசாவிலேயே அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விசாவுக்கு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்று உங்களிடம் கேட்க மாட்டார்கள். ஆனால் வேலைக்குக் கேட்பார்கள், அதுவும் கணக்குத் துறையில் கண்டிப்பாக. பில், ரசீது, வரி அலுவலகக் கடிதம் எல்லாமே ஜெர்மனில்தான். பன்னாட்டு நிறுவனங்களில் ஆங்கிலமே போதுமான இடங்களும் உண்டு, ஆனால் போட்டி அதிகம். நகராட்சி ஆதரவில் நடக்கும் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற பெரியவர்களுக்கான கல்வி மையத்தின் ஜெர்மன் வகுப்புகளில் முதல் வாரமே பெயர் கொடுங்கள். "வீடு செட்டாகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டு ஒரு வருடத்தை இழந்த பெண்களைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். வங்கிக் கணக்கு ஒன்று உங்கள் பெயரிலும் இருக்கட்டும். கோவையை விட்டுக் கிளம்புமுன் பழைய அலுவலகத்தில் அனுபவச் சான்று கேளுங்கள். தேதிகள் மட்டும் போதாது. நீங்கள் என்னென்ன செய்தீர்கள், ஜிஎஸ்டியா, ஆடிட்டா, சம்பளப் பட்டியலா என்று விரிவாக இருக்க வேண்டும். ஜெர்மன் நிறுவனங்கள் இந்தச் சான்றை வரி வரியாகப் படிப்பார்கள்.

வீட்டு விஷயம் சுருக்கமாக. மிக்ஸியைத் தாராளமாகக் கொண்டுபோங்கள். அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் அரைக்காதீர்கள். சமைத்த பிறகு, குளிரானாலும் ஜன்னலை முழுதாகத் திறந்து 5 நிமிடம் காற்று விடுங்கள், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடித்து அட்வான்ஸில் கழிப்பார்கள். மாவு புளிக்க, சூடு போடாத ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வையுங்கள். பால் பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருப்பதால் அம்மா கட்டித் தரும் நெய்யையும் பால்கோவாவையும் விட்டுவிட்டுப் போங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பொடி வகைகள் போகலாம். கதவில் ஒரு நாள் கேர்வோக்க என்று அட்டை தொங்கினால் பதறாதீர்கள். அந்த வாரம் படிக்கட்டைப் பெருக்குவது உங்கள் முறை. ஸ்டுட்கார்ட் பக்கத்து வழக்கம் அது.

டிக்கெட் எடுக்கும்போது தேதியைப் பாருங்கள். நவம்பர் 1 ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் பொது விடுமுறை, ஞாயிற்றுக்கிழமையும் கடைகள் மூடியிருக்கும். அப்படி ஒரு நாளில் இறங்க வேண்டியிருந்தால், அரிசியும் பருப்பும் இரண்டு நாளுக்காவது பெட்டியில் இருக்கட்டும். பாலுக்கு, பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகள் அன்றும் திறந்திருக்கும்.